மிஞ்சிய பாஸ்தா ராத்திரி எங்கே இருந்தது?

ஞாயிறு இரவு வீட்டில் பாஸ்தா என்றால் திங்கட்கிழமை என் கிளினிக்கில் கூட்டம். கொஞ்ச காலமாக இப்படித்தான் ஆகிவிட்டது. பிள்ளை விடாமல் வாந்தி எடுக்கிறான். "வெளியில ஒண்ணும் வாங்கித் தரல டாக்டர், வீட்டுல செஞ்சதுதான்" என்பார்கள். துருவிக் கேட்டால்தான் மற்றது வெளியே வரும். மிஞ்சியதை மூடி அடுப்பு மேடையிலேயே விட்டு, காலையில் வெங்காயம், தக்காளி வதக்கிப் புரட்டி டிபன் பாக்ஸில் அடைத்திருப்பார்கள்.

மீந்ததைப் புதுப் பலகாரமாக்குவது தப்பே இல்லை. நேப்பிள்ஸ்காரர்கள் மீந்த பாஸ்தாவை முட்டையில் கலந்து, தடித்த அடைபோலச் சுட்டுச் சாப்பிடுகிறவர்கள். ராத்திரி அது எங்கே இருந்தது என்பதுதான் என் கேள்வி.

"நல்லா சூடு பண்ணிட்டோமே!"

இதை நான் கேட்காத வாரம் இல்லை. பாசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்கும் தண்ணீரிலும் சாகாது. வெந்த பாஸ்தா, நூடுல்ஸ், சோறு எதுவானாலும் வெளியில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, செருலைடு என்ற நச்சை உண்டாக்கும். அந்த நச்சு 121 டிகிரி சூட்டில் ஒன்றரை மணி நேரம் இருந்தாலும் அழியாது. பிரஷர் குக்கரின் உச்சச் சூடே ஏறக்குறைய அவ்வளவுதான். உங்கள் வாணலி எம்மாத்திரம்?

2008இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் 20 வயது மாணவர் ஒருவர், 5 நாள் சமையலறையில் வெளியிலேயே இருந்த ஸ்பகெட்டியை மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட்டார். அன்றிரவே தூக்கத்தில் இறந்துபோனார். இவ்வளவு தூரம் போவது அரிது. ஆனால் போகும்.

"வாசம் நல்லாத்தான் இருந்துச்சு"

இருக்கும். இந்த நச்சுக்கு வாசமும் இல்லை, ருசியும் இல்லை. மிளகும் எலுமிச்சையும் போட்டால் முறிந்துவிடும் என்பது வெறும் நம்பிக்கை.

"பழைய சோறு சாப்பிடலையா நாங்க?" என்று பாட்டிகள் சண்டைக்கு வருவார்கள். அது நீரில் ஊறிப் புளிக்கிறது. புளிப்பு ஏற ஏற இந்தக் கிருமியின் வளர்ச்சி தடைப்படும். சாஸும் எண்ணெயுமாகக் கிடக்கும் பாஸ்தாவுக்கு அந்தக் காவல் கிடையாது.

இப்போது புதிதாக ஒன்று: ஆறவைத்துத் திரும்பச் சூடாக்கிய பாஸ்தா சர்க்கரையை அவ்வளவாக ஏற்றாதாம், வாட்ஸ்அப்பில் வந்ததாம். ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காததாக மாறுவது உண்மைதான். அதற்காக மேடையில் ஆறவைக்க வேண்டுமா? ஃப்ரிட்ஜில் ஆறினாலும் அதே மாற்றம்தான். சர்க்கரை நோயாளிகளே, அளவைக் குறையுங்கள், அதுதான் பேச்சு.

மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள்

சாப்பிட்ட அரை மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். உடனே மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குகிறார்கள். ஏற்கெனவே உருவான நச்சை அது என்ன செய்யும்? பேதிக்கு லோபரமைடைக் குழந்தைக்குக் கொடுத்து, வயிறு உப்பிய பிறகு தூக்கி வருகிறார்கள். சோடாவும் கூல்டிரிங்க்ஸும் வேறு! தேவை ஓஆர்எஸ்தான். 1 லிட்டர் பொட்டலத்தை 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள்.

6 மணி நேரம் சிறுநீர் வராவிட்டாலோ, பிள்ளை சோர்ந்து தூங்கியே கிடந்தாலோ, கண் மஞ்சளானாலோ, காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். கல்லீரல் ரத்தப் பரிசோதனை தேவையா என்று அங்கே முடிவு செய்வார்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

2 மணி நேரத்துக்குள், நம் கோடையில் 1 மணி நேரத்துக்குள், மீந்ததை அகலமான பாத்திரத்தில் பரப்பி ஃப்ரிட்ஜில் வையுங்கள். சூடாக வைத்தால் ஃப்ரிட்ஜ் கெட்டுவிடும் என்று விடியும்வரை வெளியில் விடாதீர்கள். மறுநாளே ஆவி பறக்க ஒரே ஒரு முறை சூடாக்கி முடித்துவிடுங்கள். முட்டை ஊற்றுங்கள், காய்கறி சூப்பில் போடுங்கள், உங்கள் இஷ்டம். ராத்திரி முழுக்க வெளியில் இருந்ததா? தயவுசெய்து கொட்டிவிடுங்கள். வேலைக்காரம்மாவுக்கும் கொடுக்காதீர்கள், அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.