சினிமா பார்த்தால் எம்.ஏ.!

"சினிமா பார்க்கிறதுக்குப் பட்டம் கொடுக்கிறார்களாமே, வாஸ்தவம்தானா?"

எதிர்வீட்டு மாமி இப்படிக் கேட்டபோது, குரலில் கோபம் பாதியும் பயம் பாதியுமாக இருந்தது. விஷயம் இதுதான். மாமியின் பெண் இலக்கியத்தில் பி.ஏ. தேறியிருக்கிறாள். அடுத்தபடி பாங்குப் பரீட்சைக்கு உட்காருவாள் என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார். பெண்ணோ, "கல்கத்தாவுக்குப் போய் இலக்கியத்தையும் சினிமாவையும் சேர்த்துப் படிக்கப் போகிறேன்" என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். ஒரு வாரமாக அப்பாவுக்கும் பெண்ணுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. நடுவில் தூது போய்ப் போய் மாமி பாதியாக இளைத்துவிட்டாள்.

"வாஸ்தவம்தான்" என்றேன். இப்போது கொல்கத்தா என்று பெயர் மாறியிருக்கும் அந்த நகரத்தில், ஜாதவ்பூர் சர்வகலாசாலை இருக்கிறது. அங்கே 1956-ஆம் வருஷமே, புத்ததேவ போஸ் என்னும் கவிஞர் ஒப்பிலக்கியத்துக்கென்று ஒரு துறையை ஆரம்பித்தார். ஒரு பாஷையின் காவியத்தை இன்னொரு பாஷையின் காவியத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் படிப்பு அது. அதே சர்வகலாசாலையில் 1993-இல் திரைப்படப் படிப்புக்கும் தனித் துறை வந்துவிட்டது. அமெரிக்காவில் ஜார்ஜ் புளூஸ்டோன் என்பவர், நாவல்கள் படமாவதைப் பற்றி 1957-இலேயே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். ஆகவே நேற்று முளைத்த படிப்பு என்று இதைச் சொல்ல முடியாது.

வருஷக் கணக்கெல்லாம் மாமியிடம் எடுபடவில்லை. "இருக்கட்டுமே. கதையைப் படித்தாயிற்று, படத்தையும் பார்த்தாயிற்று. அப்புறம் இரண்டு வருஷம் உட்கார்ந்து படிக்க என்ன இருக்கிறது?"

நியாயமான கேள்வி. நாமெல்லாம் என்ன செய்கிறோம்? படித்த தொடர்கதை படமாக வந்தால் ஓடிப் போய்ப் பார்க்கிறோம். "புஸ்தகம் மாதிரி இல்லை" என்று உதட்டைப் பிதுக்குகிறோம். அதோடு சரி. கல்கியின் 'தியாக பூமி' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, கதையோடு கூடப் படத்தின் புகைப்படங்களையே போட்டார்கள். படம் 1939-இல் வெளிவந்தது. கதையையும் சினிமாவையும் ஒரே பக்கத்தில் பார்த்துப் பழகியவர்கள்தாம் நாம். இரண்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று நின்று கேட்டுக்கொண்டதுதான் குறைவு.

மாமிக்குப் பதில் சொன்னது நான் அல்ல, அந்தப் பெண்தான். உள்ளே போய் ஒரு புத்தகத்தையும் கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு வந்தாள். புத்தகம், 1901-இல் தாகூர் எழுதிய 'நஷ்டநீடம்' என்ற குறுநாவலின் மொழிபெயர்ப்பு. குலைந்த கூடு என்று அர்த்தம். கம்ப்யூட்டரில் இருந்தது, அதையே சத்யஜித் ரே 1964-இல் படமாக்கிய 'சாருலதா'.

கதை சிக்கலில்லாதது. பூபதி பணக்காரன். சம்பாதிக்க வேண்டிய அவசியமில்லை. இங்கிலீஷ் பத்திரிகை நடத்துகிறான். ராப்பகலாக அதே நினைவு. மனைவி சாரு பெரிய வீட்டில் தன்னந்தனியாகக் கிடக்கிறாள். பூபதியின் தம்பி முறையான அமல் வருகிறான். இருவரும் சேர்ந்து படிக்கிறார்கள், எழுதுகிறார்கள். அவள் எழுதியது அச்சிலும் வருகிறது. அவள் மனசு எங்கே போய்விட்டது என்பது அவளுக்கே தெரிவதற்குள் அமல் போய்விடுகிறான்.

"முதலில் தாகூர் எப்படி ஆரம்பிக்கிறார், பார்" என்று பெண் வாசித்துக் காட்டினாள். சிறுமியாக வந்த மனைவி யுவதியானதைப் பத்திரிகாசிரியர் கவனிக்கவே இல்லை என்பதைத் தாகூர் சில வரிகளில், லேசான கிண்டலோடு சொல்லிவிட்டு மேலே போகிறார். கிண்டல் ஆசிரியருடையது. அந்த வரிகளில் சாரு வாயைத் திறப்பதில்லை.

"இப்போது படம்."

ஒரு கை, கைக்குட்டையில் 'பி' என்ற எழுத்தைப் பின்னிக்கொண்டிருக்கிறது. பூபதியின் முதல் எழுத்து. அப்புறம் சாரு எழுந்து வீட்டுக்குள் நடக்கிறாள். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுக்கிறாள். கைப்பிடி வைத்த சின்னத் தூரதிருஷ்டிக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜன்னல் ஜன்னலாக ஓடித் தெருவைப் பார்க்கிறாள். குரங்காட்டி போகிறான், பல்லக்குப் போகிறது, குடை பிடித்த ஒரு தடியர் போகிறார். பேச்சு அநேகமாகக் கிடையாது. கொஞ்ச நேரத்தில் கணவன் கையில் புத்தகத்தோடு வருகிறான். படித்தபடியே அவளைக் கடந்து போகிறான். அவள் நிற்பது அவன் கண்ணில் படவே இல்லை. சாரு அந்தக் கண்ணாடியைத் தூக்கி, தன் புருஷனையே தூரத்து ஆசாமி மாதிரி பார்க்கிறாள். பிறகு கை தளர்ந்து கீழே இறங்குகிறது.

மாமி மூச்சுக் காட்டவில்லை. அந்தச் சமயம் பார்த்து, மாமியின் அகத்துக்காரர் கைபேசியைப் பார்த்துக்கொண்டே கூடத்தில் நுழைந்து, எங்கள் மூவரையும் தாண்டி, மாடிப்படி ஏறிப் போனார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாமி சிரிக்கவில்லை.

"திரும்பப் போடு" என்றாள்.

பெண் திரும்பப் போட்டாள். இந்தத் தடவை நிறுத்தி நிறுத்தி. நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் தாகூரின் வாக்கியங்கள், எதிர்ப்பக்கம் ஒவ்வொரு ஷாட்டும் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்ற கணக்கு. "கோலத்துக்குப் புள்ளி எண்ணுகிற மாதிரியல்லவா இருக்கிறது!" என்றாள் மாமி. அதுதான் படிப்பு. வாக்கியம் வெளியே நின்று சொன்னதைக் காமிரா அவளோடு கூடவே ஓடிச் சொல்கிறது. தாகூரில் நாம் சாருவைப் பற்றித் தெரிந்துகொள்கிறோம். ரேயில் அவளுடைய பொழுது போகாத மத்தியானம் நமக்கும் போகமாட்டேன் என்கிறது. எது உசத்தி என்பது கேள்வியே அல்ல. (இந்தத் துறையில் வாயில் நுழையாத வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைக் கற்றுக்கொண்டு, படம் பார்ப்பதை மறந்துவிடுகிறவர்களும் உண்டு.)

முடிவுக்கு வந்தோம். கதையில் பூபதிக்கு மைசூரில் ஒரு பத்திரிகை ஆசிரியர் வேலை கிடைக்கிறது. நம் பக்கத்து மைசூர்தான்! என்னையும் அழைத்துப் போங்கள் என்கிறாள் சாரு. அவன் தயங்குகிறான். அவள் முகம் வெளுக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, வா என்கிறான். இப்போது அவள் வேண்டாமென்று சொல்லிவிடுகிறாள். கதை அங்கே முடிந்தது.

படத்தில் மைசூர் பயணம் இல்லை. வெளியே போயிருந்த பூபதி திரும்பி வருகிறான். சாரு கதவைத் திறந்து கையை நீட்டுகிறாள். அவனும் நீட்டுகிறான். இரண்டு கைகளும் தொடுவதற்குள் படம் அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது. திரையில் கதையின் பெயர் மட்டும் தோன்றுகிறது.

தாகூரை இப்படி மாற்றலாமா என்று அப்போதே வங்காளத்தில் ஆட்சேபம் கிளம்பியது. ரே சும்மா இருக்கவில்லை; எதை ஏன் மாற்றினேன் என்று கட்டுரை எழுதியே பதில் சொன்னார். என்னைக் கேட்டால் என் கட்சி தாகூர்தான். கருணையால் வந்த அழைப்பு வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! மாமி ரே கட்சி. "அந்த மனுஷனும் கையை நீட்டினானே!" என்றாள். பெண் சிரித்துக்கொண்டே, "எந்தக் கட்சி என்று சொன்னால் மார்க் கிடையாது, அம்மா. ஏன் என்று சொன்னால்தான்" என்றாள்.

"வேலை கிடைக்குமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மாமா எப்போது மாடியிலிருந்து இறங்கி வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாரோ தெரியாது. ஒரு வாரத்துக்கப்புறம் பெண்ணிடம் பேசிய முதல் பேச்சு அது.

பெண் மழுப்பவில்லை. "நிச்சயமாகக் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன், அப்பா. வாத்தியார் வேலைக்குப் போகலாம், பத்திரிகைக்குப் போகலாம், படங்களுக்குக் கீழே ஓடும் வசனங்களை மொழிபெயர்க்கலாம். பாங்கு மாதிரி இராது."

மாமா 'ஹும்' என்றார். உறைந்து நின்ற அந்த இரண்டு கைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்புறம் சேருகிறதா, இல்லையா?"

"படம் அவ்வளவுதான், அப்பா."

"கதையில்?"

பெண் புத்தகத்தை நீட்டினாள். மாமா கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, புத்தகத்தோடு திண்ணைக்குப் போய்விட்டார்.

மாமி என் காதோடு, "கல்கத்தாவில் ஹாஸ்டல் சாப்பாட்டில் தினமும் மீன் போடுவார்களாமே, நிஜமா?" என்று கேட்டாள்.