தண்டவாளம் தொடங்கும் துறை

தை மாதத்து விடியற்காலையில் காங்கேசன்துறைக் கரையில் நிற்பவருக்குக் கடல் முதலிற் செவிக்கும், பின்னரே கண்ணுக்கும் புலனாகும். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, வானம் நிர்மலமாகி, காற்றும் அடங்கிவிட்ட இரவுகளில், பகலில் ஏற்ற உஷ்ணத்தை நிலம் விரைந்து இழந்து குளிர, அதன்மேல் தங்கிய ஈரக்காற்று நுண்துளிகளாய்த் திரண்டு மூடுபனியாகிறது. வெயில் ஏறியதும் அது கலைந்தும் விடுகிறது.

கொழும்புக்குப் புகையிரதத்திற் செல்வோரிற் பலர், பாதை தொடங்கும் இத்துறைக்கு வராமல் யாழ்ப்பாண நிலையத்திலேயே ஏறிவிடுகின்றனர். அதனால் அவர்கள் இழப்பது சிறிதன்று என்பது என் அபிப்பிராயம். 1893இல் எழுந்த வெளிச்சவீடும், பலருக்குச் சோறளித்து 1990ஆம் ஆண்டு யுத்தத்தோடு ஓய்ந்துபோன சீமெந்துத் தொழிற்சாலையும், 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தணைந்த இறங்குதுறையும் இவ்வூருக்கே உரியன. மேற்கே சிறிது தூரத்தில் கீரிமலை. சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளூடே நிலத்தடியில் ஓடிவரும் நன்னீர், உவர்க்கடலின் விளிம்பிலேயே கேணியாய் ஊறிநிற்கும் விந்தையை அங்கே காணலாம். ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் தீர்க்கச் சனத்திரள் கூடும் அக்கேணி, பனிக்காலையில் ஆரவாரமற்றிருக்கும். ஸ்நானம் செய்து, அருகிலுள்ள கோயிலில் நகுலேஸ்வரப் பெருமானைத் தரிசித்துவிட்டு நிலையத்துக்குத் திரும்புவதே உசிதம்.

இப்புகையிரதப் பாதையின் சரித்திரமும் சுவையானது. தெற்கிலிருந்து நீண்டு வந்து இங்கே முடிந்ததாகப் பலர் எண்ணுவர். உண்மையிலோ 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே, குடாநாட்டுக்குள் மட்டுமே புகையிரதம் ஓடத் தொடங்கிற்று. தென்னிலங்கையோடு தொடர்பு கிட்டியது 1905இலேதான். 1956 ஏப்ரலில் யாழ்தேவி என்னும் கடுகதி வண்டி வந்தது. 1990இல் சேவை அறுந்து, தண்டவாளமும் சிலிப்பர்க்கட்டையும் பெயர்ந்து, ஊரவரும் அகதிகளாய் அகன்றபின், இந்தியாவின் உதவியோடு பாதை மீள அமைக்கப்பட்டு, 2015 ஜனவரியில் வண்டி மறுபடியும் இக்கரையை அடைந்தது. ஒரு தலைமுறை தன் ஊரில் புகையிரதத்தைக் காணாமலே வளர்ந்துவிட்டிருந்தது.

இங்கிருந்து கொழும்புக் கோட்டைவரை ஏறத்தாழ 410 கிலோமீற்றர். பனந்தோப்புகளைக் கடந்து, ஆனையிறவுக் கடனீரேரியைத் தாண்டி, வன்னிக் காட்டினூடும் அநுராதபுரத்து வயல்வெளியூடும் சென்று, குருநாகலின் தென்னஞ்சோலைகளைக் காணும்போது தேசமே வேறாகத் தோன்றும். ஆகவே அன்பர்களே, முதல்நாளே காங்கேசன்துறைக்கு வந்துவிடுங்கள். வண்டி புறப்படும் இடத்திலேயே ஏறுவோருக்கு, முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பிற்கூட யன்னலோரம் கிடைக்கும்.