இலவசக் கணக்கின் விலை
பங்கு வாங்க எந்தக் கணக்கு நல்லது? தரகுத் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஏமாறலாம்.

2019 நவம்பர் 22-ல் 'செபி' பிறப்பித்த உத்தரவு, ஹைதராபாத்தின் கார்வி பங்குத் தரகு நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்தவர்களை உலுக்கியது. அவர்கள் காசு கொடுத்து வாங்கிய பங்குகள் நிறுவனத்தின் கையிலிருந்த வேறொரு டிமேட் கணக்குக்கு மாற்றப்பட்டு, கடனுக்காக அடகு வைக்கப்பட்டிருந்தன. 95,000-க்கும் அதிகமானோரின் பங்குகள்; மதிப்பு 2,300 கோடி ரூபாய்க்கு மேல். கணக்கு தொடங்கும்போது படிக்காமலே கையெழுத்திட்டுக் கொடுத்த 'பவர் ஆஃப் அட்டர்னி'தான் கதவைத் திறந்துவிட்ட சாவி. டிசம்பர் 2-ல் சுமார் 83,000 பேரின் பங்குகள் அவரவர் கணக்குக்குத் திரும்பின.

இவ்வளவுக்குப் பிறகும், கணக்கு தொடங்க வருபவரின் முதல் கேள்வி "தரகு எவ்வளவு?" என்பதுதான்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. அரை சதவீதத் தரகு வாங்கும் இடத்தில் 10,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கி, அதே விலைக்கு விற்றால், ஜி.எஸ்.டி.யோடு சேர்த்துத் தரகு மட்டுமே 118 ரூபாய். பெங்களூரின் ஜெரோதா 2015-ல் டெலிவரி பங்குகளுக்குத் தரகே இல்லை என்று அறிவித்தபோது சந்தை அதிர்ந்ததற்குக் காரணம் இதுதான். பங்கு பரிவர்த்தனை வரியும் முத்திரைக் கட்டணமும் எங்கே போனாலும் ஒன்றுதான்.

ஆனால் தரகோடு கணக்கு முடிவதில்லை. பங்கை விற்கும் நாளில், ஒரு கம்பெனிக்கு இவ்வளவு என்று 'டி.பி.' கட்டணம் பிடிக்கிறார்கள். எத்தனை பங்கு விற்றாலும் ஒரே தொகை. அது 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், லட்ச ரூபாய்க்கு விற்பவருக்கு அது தூசு. ஆயிரம் ரூபாய்க்கு விற்பவருக்கு ஒன்றரை சதவீதம்.

அடுத்தது ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம். 2024 செப்டம்பர் முதல், 4 லட்சம் ரூபாய் வரை பங்கு வைத்திருப்போரின் அடிப்படை டிமேட் கணக்குக்கு இது கிடையாது. 10 லட்சம் வரை ஆண்டுக்கு 100 ரூபாய். ஆனால் அவர் பெயரில் அந்த ஒரே கணக்குதான் இருக்க வேண்டும். சலுகைகளுக்கு ஆசைப்பட்டு மூன்று இடங்களில் கணக்கு திறந்தவருக்கு இந்த வசதி இல்லை.

வங்கிகளின் 'மூன்றும் ஒன்றில்' கணக்கில் பொதுவாகத் தரகு கூடுதல். ஆனால் பங்கு வாங்கும்வரை பணம் சேமிப்புக் கணக்கிலேயே வட்டியோடு இருக்கிறது. ஆண்டுக்கு நாலைந்து முறை மட்டும் வாங்குபவருக்கு இது பெரிய நஷ்டமில்லை.

தரகே வாங்காதவர்களுக்கு வருமானம் எங்கிருந்து? பெரும்பகுதி, ஃபியூச்சர்ஸ்-ஆப்ஷன்ஸ் பேரங்களிலிருந்து. அங்கே 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்கிறது செபியின் ஆய்வு. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய். இலவசமாக உள்ளே வந்தவர் அந்தப் பக்கம் நகர்ந்தால், மிச்சம் பிடித்த தரகெல்லாம் ஒரே நாளில் கரைந்துவிடும்.

கார்விக்குப் பின் விதிகள் இறுகின. 2020 முதல், அடகு வைக்கும் பங்கும் முதலீட்டாளரின் கணக்கிலேயே இருக்க வேண்டும். பவர் ஆஃப் அட்டர்னிக்குப் பதிலாக, குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டுமே அனுமதி தரும் பத்திரம் 2022-ல் வந்தது. அதையும் தராமல், விற்கும்போதெல்லாம் ரகசிய எண் கொடுத்து அனுமதிக்கலாம். கார்விக்கு 2023-ல் செபி 7 ஆண்டுத் தடை விதித்தது.

என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். ஆகிய டெபாசிட்டரிகள், பரிவர்த்தனை நடந்த மாதங்களுக்கு முதலீட்டாளருக்கு நேரடியாகவே அறிக்கை அனுப்புகின்றன. தரகரின் திரையில் தெரியும் பங்குகள் அந்த அறிக்கையிலும் இருக்கின்றனவா என்று ஒத்துப்பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.