ஸ்கேனுக்கு முந்தைய நாள் சோறு வேண்டாம்

கொல்கத்தா ஜாதவ்பூரில் இன்று கே.பி.சி. மருத்துவக் கல்லூரி இருக்கும் வளாகம் ஒரு காலத்தில் காசநோய் மருத்துவமனை. வங்கக் கவிஞர் சுகாந்த பட்டாசார்யா 1947 மே மாதம், இருபது வயதில், அங்கேதான் இறந்தார். அந்த நோயின் பயம் இன்னும் போகவில்லை. நெஞ்சுக்குள் நெறிக்கட்டி வீங்கியிருந்தால் "டி.பி.யா இருக்குமோ" என்றுதான் நம் ஊரில் முதலில் நினைப்பார்கள். தப்பில்லை, பல நேரம் அதுதான். ஆனால் அதே வேஷத்தில் சார்காய்டோசிஸும் வரும்.

இதில் கிருமியைக் காண முடியாது. உடலின் காவல் அணுக்களே நுரையீரலிலும் நெறிக்கட்டிகளிலும் பொடி மணிகளாகத் திரண்டு நிற்கும். ஏன் என்று இன்னும் தெளிவாகவில்லை. இதயத்தாலும் அவதிப்படுபவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். ஆனால் ஸ்கேனிலும் பிரேதப் பரிசோதனையிலும் தேடினால் இருபத்தைந்து பேர் வரை தேறுவார்கள். வித்தியாசத்தில் வரும் அந்த இருபது பேருக்கு இதயத்தால் மூச்சு முட்டாது, நெஞ்சு வலிக்காது. மணிகள் சேர விரும்பும் இடமோ, இதயத்தின் இரு கீழறைகளுக்கு நடுவே இருக்கும் சுவரின் மேல்பகுதி. துடிப்புக்கான மின்பாதை அதன் வழியாகத்தான் இறங்குகிறது. அது அடைபட்டால் ஒரு நாள் திடீர் மயக்கம். துடிப்பு தறிகெட்டு ஓடினால் உயிருக்கே ஆபத்து.

ஈ.சி.ஜி.யும் எக்கோவும் முதல் படி. ஆனால் எக்கோ இதயம் எப்படிச் சுருங்கி விரிகிறது என்று பார்ப்பது. தசைக்குள் இருக்கும் சிறு புண் அதற்குத் தப்பிவிடும். எம்.ஆர்.ஐ.யில் கடோலினியம் என்ற மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். நல்ல தசையிலிருந்து அது சீக்கிரம் வெளியேறும், தழும்பில் தேங்கி வெள்ளையாகத் தெரியும். மாரடைப்புத் தழும்பு உட்புறத்திலிருந்து தொடங்கும். சார்காய்டோசிஸ் தழும்பு நடுத்தசையிலோ வெளிப்புறத்திலோ திட்டுத்திட்டாக இருக்கும்.

எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் ஆறிய வடுவைக் காட்டும் என்றால், இன்னும் புகைகிற அழற்சியைக் காட்டுவது பெட் ஸ்கேன். கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் போட்டால் அழற்சி அணுக்கள் அதை அள்ளிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், இதயத் தசையும் சர்க்கரையைத் தின்னும். அதைக் கொழுப்புக்குத் திருப்பத்தான் முந்தைய நாள் பத்தியம்: முட்டை, மீன், வெண்ணெய், பனீர் சாப்பிடலாம். சோறு, இட்லி, சர்க்கரை போட்ட காபி கூடாது. கொல்கத்தாவில் இது லேசான தண்டனை இல்லை, ஒரு ரசகுல்லா போதும், இதயம் முழுக்க ஒளிர்ந்து படம் பாழாக. பிறகு பல மணி நேரப் பட்டினி.

சார்காய்டோசிஸையும் காசநோயையும் பிரித்துச் சொல்வது மட்டும் ஸ்கேனால் ஆகாது. காசநோயும் பெட்டில் இதேபோல ஒளிரும். 2011இல் ஹைதராபாத் மருத்துவர்கள் எழுதிய கட்டுரையில், இதயத்தின் பம்ப் வலு குறையாமலேயே துடிப்பு தறிகெட்டு வந்தவர்களில் சிலருக்குச் சார்காய்டோசிஸ், சிலருக்குக் காசநோய். காசநோயைக் கவனிக்காமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் அது பரவும். இதயத்தில் சதை கிள்ளிப் பார்த்தாலும் பல முறை மணி சிக்காது. அதனால் பெட்டில் ஒளிர்ந்த நெறிக்கட்டியிலிருந்து எடுத்துச் சோதிப்பார்கள். சார்காய்டோசிஸ் என்று உறுதியானால் ஸ்டீராய்டு, தேவைப்பட்டால் பேஸ்மேக்கர். அழற்சி அடங்கியதா என்று சில மாதம் கழித்து மறுபடி பெட். அப்போதும் முந்தைய நாள் சோறு கிடையாது.