வயிற்றில் புளியைக் கரைப்பது யார்?



திங்கட்கிழமை காலை. மணி ஏழரை. தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருக்கிறது. ஷூவுக்குள் ஒரு கால் போய்விட்டது. இன்னொரு கால் போக மாட்டேன் என்கிறது. அந்த நேரம் பார்த்து, ‘அம்மா... வயிறு வலிக்குது!’ என்று ஒரு குரல். உங்கள் வீட்டில் இந்தக் குரல் கேட்டிருக்கிறதா? அது உங்கள் குரலேதானா? அப்படியென்றால் கொஞ்சம் கிட்டே வாருங்கள்.

அடுத்து என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். காய்ச்சல் இருக்காது. ஓம வாட்டரோ சீரகத் தண்ணீரோ வரும். ஒருவழியாக லீவு கிடைத்துவிட்டால், ஒன்பதரை மணிக்கெல்லாம் வலி போன இடம் தெரியாது. பத்து மணிக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்து முறுக்கு கடிக்கலாம். ‘பாத்தியாம்மா, நடிச்சிருக்கான்!’ என்று அக்கா போட்டுக்கொடுப்பாள்.

நடிப்பா? அநேகமாக இல்லை. அந்த வலி நிஜமான வலி. பயத்துக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்பதை நூறு வருஷத்துக்கு முன்பே சில பூனைகள் காட்டிக்கொடுத்துவிட்டன!

பூனையின் வயிற்றுக்குள்ளே...

1895-ம் ஆண்டு நவம்பரில் ராண்ட்ஜென் என்ற ஜெர்மனி விஞ்ஞானி எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். உலகமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம். அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த வால்டர் கேனன் என்ற மாணவருக்கு ஒரு வேலை வந்தது. சாப்பிட்ட சாப்பாடு உடம்புக்குள் எப்படிப் பயணம் செய்கிறது என்று எக்ஸ் கதிர் வழியாகப் பார்க்க வேண்டும்.

சாதாரண சாப்பாடு எக்ஸ் கதிரில் தெரியாதே! அதனால் பிஸ்மத் என்ற உலோகத்தின் உப்பைச் சாப்பாட்டில் கலந்து பூனைகளுக்குக் கொடுத்தார். இப்போது சாப்பாடு கருநிழலாகத் தெரிந்தது. இரைப்பையின் சுவரில் அலை அலையாக ஓர் அசைவு. அம்மா சப்பாத்தி மாவைப் பிசைவாரே, அதுபோல வயிறு சாப்பாட்டைப் பிசைந்துகொண்டிருந்தது. கேனன் மணிக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால், சில பூனைகளின் வயிற்றில் அசைவே இல்லை. என்ன கோளாறு? பூனைக்கு நோயா?

ஓர் ஆண் பூனையை ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பார்த்தார். வயிறு அசையவே இல்லை. பூனையோ கத்தவில்லை, பிராண்டவில்லை. வாலை மட்டும் இப்படியும் அப்படியும் வெடுக் வெடுக்கென்று ஆட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் அதனிடம் வெளியே தெரிந்த அடையாளம்!

இன்னொன்று குட்டி போட்ட தாய்ப் பூனை. நிம்மதியாகப் படுத்திருந்த வரைக்கும் அதன் வயிறு அழகாக வேலை செய்தது. என்னவோ பதற்றம் வந்தது. அந்த நொடியே அலைகள் நின்றுபோயின. மெல்லத் தடவிக்கொடுத்தார்கள். பூனை ‘குர்ர்ர்’ என்று சுகமாக முனக ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் அலைகள் மறுபடி கிளம்பின.

வயிறு கெட்டுப்போகவில்லை. பூனை பயந்திருந்தது, அவ்வளவுதான்.

பாட்டிக்குத் தெரிந்த விஞ்ஞானம்

இதைக் கண்டுபிடிக்க எக்ஸ் கதிர் வேண்டியிருந்தது அவர்களுக்கு. நம் ஊர்ப் பாட்டிகள் என்ன சொல்வார்கள்? ‘கேட்டதுமே வயித்துல புளியைக் கரைச்சுது’, ‘வயிறு கலங்கிப்போச்சு’, ‘வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தேன்’. பயம், பதற்றம் எல்லாவற்றையும் நம் தமிழ் வயிற்றில் கொண்டுபோய் வைத்திருக்கிறது பாருங்கள்!

சரி, புளியைக் கரைப்பது யார்?

நம் மூளைக்குள் பாதாம் பருப்பு அளவில் ‘அமிக்டலா’ என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்து என்று தோன்றினால் முதலில் மணி அடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மணி அடித்ததும், சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பி போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கலக்கும். இதயம் தடதடக்கும். வாய் உலரும். உள்ளங்கை வியர்க்கும். ரத்தம் கை, கால் தசைகளுக்கு ஓடும். எதற்கு? ஒன்று எதிர்த்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட வேண்டும். நாய் துரத்தும்போது யாராவது இட்லியைச் செரித்துக்கொண்டிருப்பார்களா? ‘நீ அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று உடம்பு வயிற்றின் வேலையை நிறுத்தி வைக்கிறது. வயிறு பிசைகிறது, குமட்டுகிறது, வலிக்கிறது. சிலருக்கு அவசரமாகப் பாத்ரூம் போக வேண்டும் என்று இருக்கும்.

இதில் ஒரு சிக்கல். துரத்துவது நாயா, கணக்குப் பரீட்சையா, ‘குண்டு பூசணி’ என்று கூப்பிடும் பின் பெஞ்சுப் பையனா என்று அந்தப் பாதாம் பருப்புக்கு வித்தியாசம் தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரே மணிதான்.

லீவு கிடைத்ததும் வலி ஏன் பறந்துபோகிறது என்று இப்போது புரிகிறதா? பயம் போனது, பூனை ‘குர்ர்ர்’ என்றது. ஆனால் லீவு போட்டே தப்பிக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் போகாவிட்டால் மறுநாள் போவது இன்னும் கஷ்டமாகிவிடும். பயம் வீட்டில் உட்கார்ந்து வளரும்.

புதன்கிழமை வயிறு

எனக்கும் இது இருந்தது. ஐந்தாம் வகுப்பு. புதன்கிழமைதோறும் வயிற்று வலி. வியாழக்கிழமை சுத்தமாக இருக்காது. வீட்டில் ஓம வாட்டர் பாட்டில் மாற்றி பாட்டில் காலியானது. டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, ‘ஒண்ணும் இல்லையே’ என்றார். அதிலிருந்து என் பெயர் ‘நடிகர் திலகம்’.

அப்பத்தாதான் ஒருநாள் திண்ணையில் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார். ‘ஏன்டா ராசா, புதன்கிழமைன்னா மட்டும் உன் வயித்துக்கு என்னடா கோவம்?’

எனக்கே அதுவரை தோன்றவில்லை. புதன்கிழமை முதல் பீரியட் மனக்கணக்கு. சார் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்பார். தப்பாகச் சொன்னால் பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டும். ஒருதடவை பதிமூன்றாம் வாய்ப்பாட்டில் நான் உளறி, வகுப்பே சிரித்தது. சாரும் சேர்ந்து சிரித்தார். அதை அப்பத்தாவிடம் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. ‘பயமா இருக்கு அப்பத்தா’ என்றேன். ஒரு வருஷமாக ‘வயிறு வலிக்குது’ என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்!

அப்பத்தா மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். எனக்கு மானம் போனது. என்ன பேசினாரோ தெரியாது. அடுத்த வாரத்திலிருந்து சார் என்னை மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் மேஜைக்கு வரச்சொல்லி, அங்கே வாய்ப்பாடு கேட்டார். வலி ஒரே நாளில் ஓடிவிடவில்லை. குறைந்தது. இன்றைக்கும் மேடையில் பேசப் போனால் எனக்குப் புளி கரைகிறது!

அந்த இரண்டாவது வரி

‘வயிறு வலிக்குது’ என்பது முதல் வரி. அதற்குப் பின்னால் இரண்டாவது வரி ஒன்று ஒளிந்திருக்கலாம். ‘டிக்டேஷன்னா பயமா இருக்கு’, ‘வேன்ல ஒரு அண்ணன் கிள்றான்’, ‘என் ஃப்ரெண்ட் என்கூடப் பேசறதில்ல’, ‘அப்பாவும் அம்மாவும் ராத்திரி சண்டை போட்டாங்க’. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பழைய டைரியிலோ காலண்டரிலோ வலி வந்த நாளைக் குறித்து வையுங்கள். என்ன கிழமை, அன்றைக்கு என்ன பாடம், யார் வருவார்கள்? இரண்டு, மூன்று வாரத்தில் ஏதாவது பிடிபடலாம்.

நிஜமாகவே உடம்புக்கு வரும் வயிற்று வலியும் உண்டு, மறந்துவிடாதீர்கள். காய்ச்சல், வாந்தி, தூக்கத்தில் எழுப்பிவிடும் வலி, எடை குறைவது என்றால் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

பரீட்சை ஹாலில் திடீரென்று கலக்கினால்? பாதத்தை இரண்டையும் தரையில் நன்றாகப் பதியுங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்தாறு முறை. மூச்சை நீளமாக விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும். ‘ஆபத்து இல்லை’ என்ற செய்தி போகும். வினாத்தாளுக்கு விடை இதனால் வந்துவிடாது, அதற்குப் படித்திருக்க வேண்டும்!

பக்கத்து பெஞ்சு நண்பன் டெஸ்ட் வந்தாலே பாத்ரூமுக்கு ஓடுகிறானா? தயவுசெய்து பட்டப்பெயர் வைக்காதீர்கள். ‘நானும் வரட்டுமா?’ என்று கேளுங்கள்.

யாரிடம் சொல்வது?

அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, பிடித்த டீச்சர், யாராக இருந்தாலும் சரி. முதலில் கேட்டவர் ‘இதுக்கெல்லாமா பயப்படுவ?’ என்று சிரித்துவிட்டால், இரண்டாவது ஆளிடம் போங்கள். மூன்றாவது ஆளிடமும் போகலாம். தப்பே இல்லை.

உங்களை யாராவது அடித்தாலோ, மனம் நோகும்படி கேவலமாகப் பேசினாலோ அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவில், பள்ளியில் குழந்தைகளை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. வகுப்பில் நிற்க வைத்து எல்லாரையும் சிரிக்க விடும் பெரியவர்களுக்கு இது ஞாபகம் இருந்தால் நல்லது.

வீட்டிலும் பள்ளியிலும் சொல்ல ஆளே இல்லை என்று தோன்றினால் 1098-க்குப் போன் செய்யலாம். இது குழந்தைகளுக்காகவே 1996-ல் மும்பையில் தொடங்கிய சேவை. இப்போது நாடு முழுக்க உண்டு. 2022 அக்டோபர் 10-ம் தேதி, உலக மனநல நாளன்று தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு எண் 14416. தமிழிலேயே பேசலாம். இரண்டும் இலவசம், இரண்டும் 24 மணி நேரமும் உண்டு. பேச்சு வராவிட்டால், ‘வயிறு வலிக்குது’ என்றே ஆரம்பியுங்கள்.

அப்பத்தா கடைசிவரை ஓம வாட்டர் பாட்டிலை அலமாரியில்தான் வைத்திருந்தார். ஆனால், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் நின்றால், பாட்டிலை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்பார். ‘இன்னிக்கி என்னடா கிழமை?’