அரவம் பூண்ட கை

காரைக்காலை அடுத்த விழிதியூரில் எமக்கு உறவுடைய குடும்பம் ஒன்று உண்டு. கோடை விடுமுறைக்குப் பாரிசிலிருந்து அவ்வீட்டுப் பேரன் வந்திறங்கினான். மணிக்கட்டு முதல் முழங்கை வரை சுற்றிப் படர்ந்து, படமெடுத்து நிற்கும் நாகம் ஒன்று அவன் கையில் பச்சை குத்தப்பட்டிருந்தது. எண்பது வயதைக் கடந்த பாட்டி அன்று முழுவதும் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் திருநள்ளாறு செல்வதாக ஏற்பாடு. “இந்தக் கையோட சன்னிதிக்கு வரலாமா? நாகதோஷம் தேடி வந்து சேராதா?” என்று கலங்கினார். இக்கலக்கம் இன்று பல இல்லங்களில் எழுவதால், இதனைச் சற்றே விரிவாக எண்ணிப் பார்ப்போம்.

பச்சை குத்துதல் நமக்குப் புதிதன்று. அப்பாட்டியின் முன்கையிலேயே மங்கிய பச்சைக் கோலம் ஒன்று இருக்கிறது! சென்னை அரசினர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய வழக்கங்கள் குறித்து 1906-இல் வெளியிட்ட நூலில் இத்தொழிலையும் பதிவு செய்திருக்கிறார். மஞ்சட்பொடியையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் வைத்துத் திரியாக உருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்து, ஊசியால் குத்துவார்கள். ஊர் ஊராக வந்து குத்திவிட்டவர்கள் குறவர் குலப் பெண்கள். நகையும் நிலமும் இங்கேயே நின்றுவிடும், பச்சை ஒன்றே உடன் வரும் என்பது அக்காலத்தார் நம்பிக்கை. அக்கைகள்தாம் தலைமுறை தலைமுறையாக விளக்கேற்றின, பொங்கலிட்டன, கோயிலில் கூப்பின. ஆகவே பச்சை குத்திய கை சன்னிதிக்கு ஆகாது என்பதற்கு இடமே இல்லை.

எஞ்சியிருப்பது பாம்பு பற்றிய அச்சம். தாருகாவனத்து முனிவர்கள் வேள்வித் தீயிலிருந்து ஏவிய நாகங்களைப் பெருமான் அணிகலனாகப் பூண்டார் என்பது புராணம். கொல்ல வந்தது அவன் மேனியில் அணியாயிற்று. ‘சேஷன்’ என்னும் சொல்லுக்கு எஞ்சி நிற்பவன் என்பது பொருள். உலகெலாம் ஒடுங்கிய பின்னும் எஞ்சி நின்று திருமாலைத் தாங்குபவன். அரசமரத்தடியில் பின்னிப் பிணைந்த நாகர் கற்களிடம் நாம் வேண்டுவதோ மகப்பேறு. மகாசிவராத்திரியின் நான்கு சாமங்களில் ஆதிசேடன் குடந்தைக் கீழ்க்கோட்டம், திருநாகேச்சரம், திருப்பாம்புரம், நாகைக்காரோணம் ஆகிய தலங்களில் முறையே வழிபட்டதாகத் தலவரலாறு. நான்குமே நம் காவிரிநாட்டுத் தலங்கள்.

எனினும் பாட்டியின் கலக்கத்தை அறியாமை என்று தள்ள எமக்கு மனமில்லை. ஏனெனில் அதே கலக்கத்தை அவ்வூர்க்கு அண்மையிலேயே பிறந்த ஒரு தாய் வெளிப்படுத்தியிருக்கிறார். காரைக்கால் அம்மையார் தம் அற்புதத் திருவந்தாதியில், இறைவன் மார்பில் ஊரும் பாம்பைக் கண்டு பதறுகிறார். ஒருநாள் அது மலைமகளைத் தீண்டிவிட்டால் என்னாவது, இதைத் தடுத்துச் சொல்லத் தக்கார் அருகில் ஒருவரும் இல்லையா என்று முறையிடுகிறார். ‘அம்மையே’ என்று இறைவனே அழைத்த அத்தாய்க்குப் பிள்ளையின் மார்பில் பாம்பு கிடக்கப் பொறுக்கவில்லை! அன்பு மிக்க இடத்தில் அச்சமும் மிகும். ஆயினும் பெருமான் அரவத்தைக் கழற்றவில்லை. அம்மையாரும் பாடுவதை நிறுத்தவில்லை.

திருநள்ளாற்றின் நாயகனான நளன் கதையிலும் ஒரு நாகம் உண்டு. காட்டுத்தீயில் அகப்பட்டு அசைய முடியாமல் கிடந்த கார்க்கோடகனை நளன் தூக்கிக் காத்தான். அடிகளை எண்ணிக்கொண்டே நடக்குமாறு கூறிய நாகம், பத்தாம் அடியில் அவனைக் கடித்தது. அக்கணமே அழகிய உருவம் திரிந்து, பிறர் அடையாளம் காணாத வாகுகன் ஆனான். நன்றி கொன்ற செயலெனத் தோன்றும். ஆனால் அந்நஞ்சு வருத்தியது நளனை அன்று. அவனுள் புகுந்து ஆட்டிவைத்த கலியையே. பழைய உருவை மீட்க ஆடையும் தந்தது அந்நாகமே. வடிவத்தை மாற்றிய பாம்புக்கடி அம்மன்னனுக்குக் காப்பாயிற்று.

இனி, இளைஞர்கள் குத்திக்கொள்ளும் உருவங்கள் எல்லாம் இப்பொருளில் அமைந்தவை என்று சொல்லிவிடல் ஆகாது. மேலைநாட்டார் சமயக் கதையில் பாம்பு, ஆதித்தாயை மயக்கிய வஞ்சகன். அதே மேலைநாட்டில் கிரேக்கர்களின் மருத்துவத் தெய்வம் ஏந்திய கோலில் சுற்றியிருப்பதும் பாம்புதான். அது இன்றும் மருத்துவச் சின்னம். தன் வாலைத் தானே கவ்விய பாம்பு முடிவின்மையைக் குறிக்கும். நம் ‘அனந்தன்’ என்னும் பெயரும் அதுவே. மண்டையோட்டின் கண்குழியில் நுழையும் பாம்பை மட்டும் எமக்கு ஏனோ பிடிப்பதில்லை. தெய்வ உருவங்களைக் காலில் குத்திக்கொள்வதும் தவிர்க்கத் தக்கது. எதுவாயினும், ‘ஏன் குத்தினாய்?’ என்று கடிவதற்கு முன் ‘இது என்ன பாம்பு?’ என்று கேட்டுவிடுவது நலம்.

பாட்டி அப்படித்தான் கேட்டார். தாத்தா இறந்த ஆண்டில் குத்திக்கொண்டதாகப் பேரன் சொன்னான். சிறுவயதில் அவர் தோளில் அமர்ந்து கோயிலில் பார்த்த, லிங்கத்தின் மேல் குடை பிடிக்கும் நாகம் அது. பாட்டி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் நளதீர்த்தக் கரையில் பேரனுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவர் பாட்டியே. பாம்பின் படத்தின் மீது கை சென்றபோது, “அங்க இருக்கறது இன்னும் கொஞ்சம் அகலமா இருக்கும்டா தம்பி” என்றார்.