நாணயம் விற்பவரின் நாணயம்

காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் ஒரே சொல் வழங்குகிறது. நாணயம் என்னும் அச்சொல்லின் இரு பொருளையும் பழங்காசு வாங்கப் புகுவோர் ஒருங்கே நினைவில் வைத்தல் வேண்டும். காசின் நாணயத்தை அறியுமுன் விற்பவரின் நாணயத்தை அறிந்தாக வேண்டிய காலம் வந்துவிட்டது.

முன்னாளில் பழங்காசு சேர்ப்போர் கடைக்குச் சென்று, காசைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து, தட்டி ஓசை கேட்டு, தராசிலிட்டு நிறுத்த பின்னரே விலை பேசினர். இன்றோ லிந்துலைத் தோட்டத்து லயமொன்றில் இருந்தபடியே ஓர் இளைஞர் உரோமச் செப்புக்காசையும், பராக்கிரமபாகுவின் காசையும், ஒரு புறம் நந்தியும் அதன் கீழ் ‘சேது’ என்ற தமிழெழுத்தும் பொறித்த யாழ்ப்பாண மன்னரின் காசையும் கைத்தொலைபேசியிற் காணலாம். பணத்தையும் அக்கணமே அனுப்பலாம். காசு பின்னர் தபாலில் வந்து சேரும். கொழுந்து பறித்து ஈட்டிய ஒரு மாதச் சம்பளம், பெருவிரல் நகமளவு படமொன்றை நம்பிக் கைமாறிவிடுகின்றது. நிறுக்கவும் இயலாது, தொடவும் இயலாது. எனவே நிறுத்துப் பார்க்க எஞ்சியிருப்பது விற்பவரின் சொல் ஒன்றே.

சொல்லை நிறுப்பது எங்ஙனம்? இலங்கைக் கடலிலேயே இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 1961ஆம் ஆண்டு, தென்கிழக்குக் கரைக்கு அப்பால் கிரேட் பாஸஸ் எனப்படும் பாறைத்திட்டின் அருகே, மூழ்கிய கப்பலொன்றின் வெள்ளிக்காசுகளை மைக் வில்சன் என்பவர் இளந்தோழர் இருவருடன் கண்டெடுத்தார். சிங்கள மக்கள் இராவணனின் கோட்டை என வழங்கும் திட்டு அது. அப்புதையலின் வரலாற்றை ஆதர் சி. கிளார்க் 1964இல் நூலாக வெளியிட்டார். காசுகள் ஔரங்கசீப் காலத்து ரூபாய்கள்; சூரத்து நகரத்து அக்கசாலையில் அடிக்கப்பட்டவை; ஹிஜ்ரி 1113, அதாவது 1701-02ஆம் ஆண்டைத் தாங்கியவை. ஆயிரம் ஆயிரமாகப் பையிலிட்டுக் கட்டப்பட்டிருந்தமையால் அவை ஒன்றோடொன்று ஒட்டி இறுகிக் கட்டிகளாகவே கிடந்தன.

இனி, ‘இராவணன் கோட்டைப் புதையற் காசு’ என்று விளம்பரம் செய்து ஒருவர் வேறு நகரின் பெயரோ வேறு ஆண்டோ பொறித்த ரூபாயை விற்க வந்தால், காசு மெய்யானதாகவே இருக்கலாம். அவர் கூறும் கதை பொய். கதையிற் பொய் கூறியவர் எடையிலும் வெள்ளியின் தரத்திலும் மெய் கூறுவார் என நம்புவதற்கு இடமில்லை. சரியான ஊரும் ஆண்டும் அமைந்திருந்தாலும் ஐயம் முற்றாகத் தீர்ந்துவிடாது. அதே ஆண்டின் சூரத்து ரூபாய்கள் கடலையே காணாமல் இந்தியக் கடைவீதிகளில் புழங்கியிருக்கின்றன. யாரிடமிருந்து, எப்போது வாங்கினீர் என்று கேட்டால், நல்ல வணிகர் பழைய பற்றுச்சீட்டைத் தேடி எடுப்பார். மற்றவர் கடலின் ஆழத்தை வருணிக்கத் தொடங்குவார்.

அடுத்து, ஒருவர் விற்கும் ஒரு காசை மட்டும் பாராது, அவர் விற்கும் எல்லாக் காசுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் மிகுந்த பயன் தரும். பண்டைக் காசுகளிற் பெரும்பாலானவை உலோகத் துண்டைக் கீழச்சின் மேல் வைத்து மேலச்சால் சம்மட்டிகொண்டு அடித்துச் செய்யப்பட்டவை. ஒரே அச்சில் அடித்த இரு காசுகளிலும் உருவம் ஒன்றாயிருக்கும். ஆயின் துண்டின் வடிவம், ஓரத்து வெடிப்பு, அடி விலகிய அளவு, தேய்வு ஆகியன ஒன்றுபோல் அமையா. போலிக் காசை வார்ப்பவனோ ஒரு மெய்க்காசை மாதிரியாகக் கொண்டு அச்சுக்குழி எடுக்கிறான். அவன் வார்க்கும் ஒவ்வொரு காசிலும் அம்மாதிரியின் கீறலும் வெடிப்பும் அதே இடத்தில் வந்து அமரும். இரண்டு ‘சேது’ காசுகளின் ஓரத்தில் ஒரே இடத்தில் ஒரே பிளவு தோன்றுமாயின், நூற்றாண்டுகள் பல மண்ணில் கிடந்தவை அவ்வாறு ஒத்திருத்தல் நடவாத காரியம். எழுத்தின் விளிம்பு சவர்க்காரத்தைப் போல் மழுங்கியிருத்தல், மேற்பரப்பிற் சிறு குமிழித் துளைகள், ஓரத்தைச் சுற்றி அராவிய தடம் இவையும் வார்ப்பைக் காட்டிக்கொடுக்கும். ஓரத்தின் படத்தைக் கேட்டும் அனுப்ப மறுப்பவரிடம் வாங்காதிருத்தலே நன்று.

போலி எல்லாம் வார்ப்பாகவே இருக்கும் என்றும் எண்ணலாகாது. ஜேர்மனியில் 1772 முதல் 1830 வரை வாழ்ந்த பெக்கர் என்பவர் தாமே அச்சு வெட்டிக் கிரேக்க, உரோமக் காசுகளை அடித்தார். புதுக்காசுக்குப் பழமை ஏற்ற, இரும்புத்தூள் நிரம்பிய பெட்டியில் இட்டுக் குதிரை வண்டியிற் கட்டிக் குலுங்கக் குலுங்க ஓட்டுவாராம். அத்தகைய கைத்திறனைப் படத்தைக்கொண்டு கண்டறிதல் அறிஞர்க்கே அரிது.

இணையச் சந்தைகளில் வாங்கியோர் வழங்கும் பாராட்டுகளைப் பலர் பெரிதும் நம்புகின்றனர். அவற்றைச் சற்று நின்று வாசித்தல் நல்லது. விரைவில் வந்தது, நன்றாகப் பொதி செய்திருந்தார், அன்பாகப் பேசினார் என்பனவே அங்கு மிகுதி. போலியை மெய்யென்று நம்பி மகிழ்ந்தவரின் பாராட்டும் அக்கணக்கிலேயே சேர்கின்றது! தபால் விரைவாக வந்தமைக்கும் காசின் உண்மைக்கும் என்ன தொடர்பு? விற்பவர் தாமே அச்சிட்டுத் தாமே ஒப்பமிட்ட அழகிய சான்றிதழும் இத்தகையதே.

மெய்யான பொறுப்பேற்பு வேறுவகையானது. 1951இல் ஜெனீவாவில் தோன்றிய தொழில்முறை நாணய வணிகர் சர்வதேச சங்கத்தின் உறுப்பினர், தாம் விற்கும் காசின் உண்மைக்குத் தாமே பொறுப்பேற்கின்றனர்; போலியென நிறுவப்பட்டால் பணத்தைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். இதற்கு மாறாக, ‘நான் இத்துறையில் வல்லவனல்லேன், பாட்டனாரின் பெட்டியிற் கிடந்தது, உள்ளபடியே விற்கிறேன்’ என்று எழுதுபவர் பொறுப்பு முழுவதையும் வாங்குபவரின் தலையில் ஏற்றிவிடுகிறார். அதே பாட்டனாரின் பெட்டியிலிருந்து வாரந்தோறும் புதுப்புதுக் காசுகள் வெளிப்படுதல் வியப்புக்குரியது. எடையும் விட்டமும் குறித்து, தேய்வையும் பழுதையும் தாமே சொல்லி, எந்த நூலில் இக்காசு விளக்கப்பட்டுள்ளது எனக் காட்டுபவரே விலை கூடினும் மலிவானவர். இலங்கைக் காசுகளுக்கு 1924இல் கொட்றிங்டன் எழுதிய நூல் இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றது. கொழும்பு தேசிய நூதனசாலையில் மெய்க்காசுகளைக் கண்ணாற் கண்டு பழகியவர்க்குப் படத்திலுள்ள குறை எளிதிற் புலப்படும்.

சட்டமும் இங்கே குறுக்கிடுகின்றது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருளியல் திணைக்களத் தலைவரின் அனுமதிப்பத்திரமின்றித் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்புதல் குற்றமாகும். கடல்கடந்த விற்பனையாளர் ஒருவர், ‘அண்மையில் அனுராதபுரத்து வயலொன்றிற் கிடைத்த காசு’ எனப் பெருமையோடு எழுதியிருந்தால், அந்த அனுமதிப்பத்திரத்தின் பிரதியை அனுப்பும்படி லிந்துலை இளைஞர் அவருக்கு இரண்டு வரி எழுதலாம். மறுமொழி வரும்வரை பணத்தைக் கையிலேயே வைத்திருக்கலாம்.